மனம் ஒன்று சொல்கிறது, தொழில் நெறி வேறொன்று சொல்கிறது: சமூகப் பணியாளர் எந்த வழியை எடுப்பது?

சமூகப்பணி படிக்கிறவர்களும், வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டு ஆனவர்களும் ஒரே கேள்வியை வேறு வேறு உருவத்தில் என்னிடம் கொண்டுவருகிறார்கள். "கருக்கலைப்பு தப்பு என்று நம்புகிறவள் நான். அதைப் பற்றித் தகவல் கேட்டு ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது?" "அடிக்கிற கணவனிடமே திரும்பிப் போகிறேன் என்கிறார். நான் எப்படிச் சரி என்று தலையாட்டுவது?" "குழந்தையிடம் தப்பாக நடந்து தண்டனை முடித்து வந்தவருக்கு வீடு பார்த்துத் தரச் சொல்கிறார்கள். எனக்குக் கையே ஓடவில்லை."

கேட்கிறவர்கள் பாதிப் பதிலை ஏற்கெனவே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். ஒருவர் மனதை அடக்கிக்கொண்டு வேலையைப் பார்த்துவிடலாம் என்பார். ஒருவர் வேறு ஆளிடம் அனுப்பிவிடலாம் என்பார். இன்னொருவர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதுதானே நேர்மை என்பார். மூன்றிலும் நியாயம் உண்டு. மூன்றுக்கும் வெளியே தெரியாத விலையும் உண்டு. இவற்றோடு இன்னும் இரண்டு வழிகளையும் சேர்த்து எடைபோட்டுப் பார்க்கலாம்.

ஒரு சொல்லைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏட்டில் பயனாளி, சேவைநாடுநர் என்றெல்லாம் எழுதுகிறோம். வேலையில் வாயில் வருவது கிளையண்ட்தான். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

## முதலில் சலித்துப் பாருங்கள்

"என் மதிப்பீடும் தொழில் நெறியும் மோதுகின்றன" என்று வருகிறவற்றில் பல, உண்மையில் அந்த வகை மோதலே இல்லை. மூன்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

முதலாவது, வெறும் சங்கடம். குடித்துவிட்டு வருகிறவரின் வாடை, கத்திப் பேசுகிறவரிடம் பயம், ஒரே கதையைப் பத்தாம் முறை கேட்கிற அலுப்பு. இதற்குப் பழக்கமும் பயிற்சியும், சில நாள் லீவும் போதும். இதற்கு மனசாட்சி என்று பெயர் வைத்தால் வீணாகப் பெரிதாகிவிடும்.

இரண்டாவது, நெறிக்குள்ளேயே இரண்டு நெறிகள் மோதுவது. ரகசியம் காக்க வேண்டும், உயிரையும் காக்க வேண்டும். இங்கே உங்கள் சொந்த நம்பிக்கைக்கு வேலையே இல்லை. சமூகப்பணி நெறிகளைப் பற்றி எழுதிய ஃப்ராங்க் லோவன்பெர்கும் ரால்ஃப் டால்காஃபும் இதற்கென்றே ஏழு படி கொண்ட ஏணி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்: இரண்டு மோதினால் மேல்படியில் இருப்பதற்கே முன்னுரிமை. உயிர்ப் பாதுகாப்பு முதல் படி. தன்னுரிமை மூன்றாவது. ரகசியம் ஆறாவது. உண்மையை முழுதாகச் சொல்வது கடைசி, ஏழாவது. வகுப்பில் இதைப் போட்டதும் பலருக்கு முகம் மாறும், உண்மை போய்க் கடைசியிலா என்று. அதைப் பின்னால் பார்க்கலாம். ஒருவர் இன்னொருவரைக் கொல்லப் போவதாகச் சொன்னால் சிகிச்சையளிப்பவர் சும்மா இருக்க முடியாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தராசாஃப் வழக்கில் 1976இல் சொன்னது. ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் போடும் எல்லை வேறு. உங்கள் இடத்துச் சட்டம் என்னவென்று வேலையின் முதல் வாரத்திலேயே படித்து வைத்துக்கொள்ளுங்கள். உயிராபத்தும், குழந்தைக்குத் துன்புறுத்தலும் கண்முன் இருக்கும்போது கீழே வருகிற ஒப்பீடு எதுவும் பொருந்தாது.

மூன்றாவது, நிறுவனம் ஒன்று சொல்ல, தொழில் நெறி வேறொன்று சொல்வது. இது உங்களுக்கும் கிளையண்டுக்கும் இடையிலான சிக்கல் இல்லை. ஐந்தாவது வழியில் இதைத் தொடுகிறேன்.

இவை போக மீதி இருப்பதுதான் நம் விஷயம்: கிளையண்ட் கேட்பது சட்டப்படி சரி, தொழில் நெறிப்படியும் சரி, ஆனால் உங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வவில்லை.

## எதை வைத்து அளப்பது?

ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

கிளையண்டுக்கு என்ன ஆகும்? இன்றைய காரியம் நடப்பது மட்டும் கணக்கில்லை. இன்னொரு முறை உதவி கேட்டு ஒரு அலுவலகத்தின் படியேற அவருக்குத் துணிச்சல் இருக்குமா என்பதும் கணக்கு.

முடிவு யார் கையில் இருக்கிறது? சமூகப் பணியாளர்களின் சர்வதேச அமைப்புகள் 2018இல் ஏற்ற நெறி அறிக்கையில் ஒன்பது கோட்பாடுகள் உண்டு. தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்கிற சுயநிர்ணய உரிமை அதில் தனியாக நிற்கிறது. நீங்கள் வாயைத் திறக்காமலே ஒருவர் முடிவை உங்கள் பக்கம் தள்ள முடியும் என்பதால் இந்தக் கேள்வி எளிதானது இல்லை.

இதையே எல்லாருக்கும் செய்வேனா? ஒருவருக்குச் சொல்கிற காரணம் ஒரு மதத்தார், ஒரு பாலினத்தார் என்று ஒரு கூட்டத்துக்கே போய்ப் பொருந்தினால் அதற்குப் பெயர் பாகுபாடு.

சொல்வதும் எழுதுவதும் செய்வதும் ஒன்றா? கேஸ் ஃபைலில் எழுதுவதையும் சேர்த்துத்தான்.

எனக்கு என்ன செலவு? இதைக் கேட்பது சுயநலம் என்று பழைய ஆட்கள் நினைப்பதுண்டு. அமெரிக்கச் சமூகப் பணியாளர் சங்கம் தன் நெறிமுறைத் தொகுப்பை 2021இல் திருத்தியபோது பணியாளர் தன்னைக் கவனித்துக்கொள்வதையும் சேர்த்தது.

ஐந்துக்கும் ஒரே எடை இல்லை. முதல் மூன்றும் கனமானவை. இது என் சொந்தத் தீர்ப்பு மட்டுமில்லை. அதே சங்கம் 1960இல் ஏற்ற முதல் தொகுப்பு "நான்" என்று தொடங்கும் உறுதிமொழிகளாக இருந்தது. சொந்த நலனுக்கு மேலே தொழில் பொறுப்பை வைப்பேன் என்பது அவற்றில் ஒன்று. பின்னால் வந்த தொகுப்புகள் "சமூகப் பணியாளர்" என்று படர்க்கைக்குப் போய்விட்டன. எனக்கென்னவோ அந்த "நான்" போனது நஷ்டம் என்றே படுகிறது.

## வழி 1: ஒதுக்கி வைத்துவிட்டு வேலை செய்வது

பெரும்பாலோர் சொல்கிற முதல் பதில் இது. என் பதிலும் அநேகமாக இதுதான். ஆனால் சொல்கிற அளவுக்கு எளிதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிது. கணவனிடம் அடிபட்டு வந்து எங்கள் காப்பகத்தில் தங்கியிருந்த ஒரு பெண் நான்காவது வாரம் வீட்டுக்கே திரும்ப முடிவெடுத்தார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பாதுகாப்புத் திட்டம் போட்டோம், அவசர எண்களை எழுதிக் கொடுத்தேன், எல்லாம் முறைப்படி நடந்தது. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அந்த வாரக் குறிப்பை வாசித்த என் சூப்பர்வைசர் ஒன்றும் பேசாமல் பென்சிலை எடுத்து மூன்று இடத்தில் வட்டம் போட்டார். "மறுபடியும்". "பிடிவாதமாக". "இத்தனைக்கும் பிறகு".

"இந்த மூணும் அவங்க சொன்னதா, நீ சொன்னதாம்மா?" என்றார்.

நான் சொன்னதுதான். அப்புறம் அவர் அழைப்புப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அதே வாரம் வேறு இரண்டு பேருக்கு அன்றைக்கே திரும்ப அழைத்திருந்தேன். இந்தப் பெண்ணுக்கு மூன்றாம் நாள்.

இந்த வழியின் மறைந்த விலை இங்கேதான் இருக்கிறது. நாக்கைக் கட்டுவது சுலபம். அடக்கியது வேறு ஓட்டை வழியாகக் கசியும். எந்தத் திட்டத்தைப் பற்றி முதலில் சொல்கிறோம், எதைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்கிறோம், யார் படிவத்தை இன்றே அனுப்புகிறோம், குறிப்பில் எந்த அடைமொழி போடுகிறோம் என்று எல்லாவற்றிலும் கசியும். "பிடிவாதமாக" என்கிற அந்தச் சொல் ஃபைலில் அப்படியே நின்றிருந்தால், நாளைக்குக் குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கில் வேறொருவர் அதை வாசித்து அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பார். எழுதிய என்னை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

ஒதுக்கி வைப்பது என்றால் நம்பிக்கையைத் துறப்பது என்று அர்த்தம் இல்லை. ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் கிளையண்டோடு உள்ள உறவுக்கு ஏழு கோட்பாடுகளைச் சொன்னார். தீர்ப்புச் சொல்லாத மனப்பான்மை அதில் ஒன்று. அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், அதாவது சரி தப்பு என்பதில் உறுதியான கொள்கை கொண்டவர். ஒருவரைக் குற்றவாளி, குற்றமற்றவர் என்று தீர்ப்பதுதான் நம் வேலை இல்லை, அவருடைய செயலை மதிப்பிடுவது வேலையின் பகுதிதான் என்றார். இங்கிலாந்தில் ஓரினத் திருமணத்துக்கு எதிராக ஃபேஸ்புக்கில் எழுதிய சமூகப்பணி மாணவர் ஒருவரை ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் படிப்பிலிருந்து நீக்கியது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. நம்பிக்கையைச் சொல்வதாலேயே ஒருவர் வேலையில் பாகுபாடு காட்டுவார் என்று முடிவு கட்ட முடியாது என்பது அதன் பார்வை. எனக்கும் அது சரியாகவே படுகிறது. எதை ஒதுக்கி வைக்கிறோம் என்று தெரிந்து வைத்திருப்பவர் ஓரளவு ஒதுக்கிவிடுவார். "எனக்குச் சொந்தக் கருத்தே கிடையாது" என்பவரிடம்தான் கசிவு அதிகம்.

எப்போது நல்லது: மதம், அரசியல், வாழ்க்கை முறை, குடும்பம் நடத்தும் விதம் என்று அன்றாடம் வரும் வேறுபாடுகள் எல்லாவற்றுக்கும். கிளையண்டுக்கு உங்களை விட்டால் வேறு ஆள் இல்லாத இடத்திலும் இதுதான் வழி. எப்போது ஆகாது: அடிபட்டது உங்கள் நம்பிக்கை இல்லாமல் உங்கள் பழைய காயமாக இருந்தால். அதை எந்தப் பக்கம் ஒதுக்கினாலும் அது நிற்காது.

## வழி 2: சூப்பர்வைசரிடம் கொண்டுபோவது

உண்மையைச் சொன்னால் இது தனி வழி இல்லை, மற்ற நான்குக்கும் துணை. ஆனாலும் தனியாக எழுதக் காரணம், இதைச் செய்யாமல் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். "இதைப் போய்ச் சொன்னால் எனக்கு வேலை தெரியாது என்று நினைப்பார்களே" என்கிற பயம். அது வெற்றுப் பயமும் இல்லை. உங்களுக்கு மதிப்பெண் போடுகிறவரும், சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுகிறவரும், மனம்விட்டுப் பேச வேண்டியவரும் ஒரே ஆளாக இருக்கிறார். இந்த வழியின் பெரிய மறைந்த விலை அதுதான்.

அவருக்கும் நம்பிக்கைகள் உண்டு என்பது அடுத்தது. உங்களைப் போலவே நினைக்கிற சூப்பர்வைசர் கிடைத்தால் ஆறுதலாக இருக்கும், ஆனால் இரண்டு பேரும் சேர்ந்தே தவறலாம். எத்தனை ஃபைல் முடித்தாய் என்பதைத் தவிர எதையும் கேட்காத சூப்பர்வைசர்களும் நிறைய. அப்படிப்பட்ட இடத்தில், ரகசியத்துக்குப் பங்கம் வராமல் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, அனுபவமுள்ள சக பணியாளரிடம் கேட்பது மேல்.

போகும்போது புலம்பலாகப் போகாதீர்கள். "எனக்கு இந்தக் கேஸ் பிடிக்கவில்லை" என்பதற்குப் பதில் கிடையாது. "என் குறிப்பை வாசித்துப் பாருங்கள், எங்கேயாவது சாய்ந்திருக்கிறேனா?" என்பதற்கு உண்டு.

## வழி 3: கிளையண்டிடமே சொல்லிவிடுவது

நேர்மை என்று இளையவர்கள் அதிகம் விரும்புகிற வழி. எனக்கு இதன் மேல் சந்தேகம் அதிகம்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் கையெழுத்துக்காக, உங்கள் பரிந்துரைக் கடிதத்துக்காக வந்திருக்கிறார். நீங்கள் "இது என் நம்பிக்கைக்கு எதிரானது, ஆனாலும் உதவுகிறேன்" என்றால் அவர் காதில் விழுவது உங்கள் நேர்மை இல்லை, தன் தப்பு. அதற்குப் பிறகு அவர் உங்களைச் சமாதானப்படுத்தத் தொடங்குவார், காரணம் சொல்வார், சில விவரங்களை மறைப்பார். உங்கள் மனப் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைத்துவிட்டு நீங்கள் லேசாகிவிட்டீர்கள். ஏணியில் உண்மையை முழுதாகச் சொல்வது ஏழாவது படியில் இருப்பதன் நியாயம் எனக்கு இங்கேதான் புரிந்தது. பொய் சொல்லலாம் என்று அந்த ஏணி சொல்லவில்லை. நம் மனதில் உள்ளதை எல்லாம் கொட்டுவது மேலே உள்ள ஆறில் ஒன்றை உடைக்குமானால் கொட்டாதே என்கிறது.

இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "எங்கள் அலுவலகத்தில் இந்தச் சேவை கிடையாது, இன்ன இடத்தில் கிடைக்கும்" என்பது கிளையண்டுக்குச் சேர வேண்டிய தகவல். அதை மறைக்கவே கூடாது. "நான் இதை ஏற்கவில்லை" என்பது உங்களைப் பற்றிய தகவல். அது அவருக்குப் பெரும்பாலும் தேவையில்லை.

சரி, அவரே கேட்டுவிட்டால்? "மேடம், நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?" இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. "அதை நான் சொல்லக் கூடாது" என்று கதவைச் சாத்தினால் அவருக்கு முகம் வாடும். நான் சொல்வது இப்படி: "உங்க இடத்துல நான் இல்லைங்க, என் வீடு வேற, என் பணம் வேற. உங்களுக்கு இதுல எது ரொம்ப பயமா இருக்கு, அதைச் சொல்லுங்க." பத்தில் ஒன்பது முறை அவர் கேட்க வந்ததும் அதுதான். பத்தாவது முறை விடாமல் கேட்பார். அப்போது சுருக்கமாக, இது என் கருத்து மட்டும்தான், உங்கள் காரியம் இதனால் நிற்காது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்வேன்.

எப்போது நல்லது: உங்கள் மதமோ கட்சியோ நிலைப்பாடோ கிளையண்டுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த சிறிய ஊரில் வேலை செய்கிறவர் இதைப் பேசாமல் விட்டால் அந்த மௌனமே நெஞ்சில் உறுத்தும். "என் நம்பிக்கை உங்களுக்குத் தெரியும். உங்கள் வேலையில் அது குறுக்கே வராது. வருவதாகத் தோன்றினால் என்னிடமே சொல்லலாம், என் மேலதிகாரியிடமும் சொல்லலாம்" என்று ஒருமுறை பேசித் தீர்த்துவிடுவது நல்லது.

## வழி 4: வேறொருவரிடம் அனுப்புவது

ரெஃபரல் என்பது நம் தொழிலின் அன்றாடக் கருவி. அதனாலேயே இதைத் தவறாகப் பயன்படுத்துவது வெளியே தெரியாது. கோபம் இல்லை, சண்டை இல்லை, ஒரு படிவம் நிரப்பினால் முடிந்தது. கைவசம் உள்ள வழிகளிலேயே அளவுக்கு மீறிப் பயன்படுவது இதுதான் என்பது என் எண்ணம்.

அனுப்பப்படுகிறவர் பக்கத்திலிருந்து பாருங்கள். முதல் சந்திப்பில் தட்டுத்தடுமாறி, அழுது, பாதி சொல்லி, மீதியை அடுத்த வாரம் சொல்கிறேன் என்று போனவர். அடுத்த வாரம் வந்தால் வேறு ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் தருகிறார்கள். அங்கே காத்திருப்போர் பட்டியல். பட்டியல் நகர்ந்ததும் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும். பாதிப் பேர் அந்த இரண்டாவது அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம், எண்ணிப் பார்த்ததில்லை. எதற்காக மாற்றினார்கள் என்பதையும் அவர் யூகித்துக்கொள்வார். ஏற்கெனவே நாலு இடத்தில் விரட்டப்பட்டவருக்கு யூகம் சட்டென்று வரும்.

பணியாளருக்கும் ஒரு நஷ்டம் உண்டு. அனுப்பிவிட்டவர் கற்றுக்கொள்வதில்லை. மூன்றாம் ஆண்டில் அதே வகைக் கிளையண்ட் வந்தால் அதே நடுக்கம். சக பணியாளர்கள் மேல் பாரம் ஏறுவது தனிக் கதை. "இந்த மாதிரிக் கேஸெல்லாம் அந்த அக்காவிடம் போகும்" என்று அலுவலகத்தில் ஒரு வழக்கம் உருவாகிவிடும். எந்த அக்கா என்று பார்த்தால் மறுத்துப் பேசத் தெரியாத ஒருவராக இருப்பார்.

தொழில் அமைப்புகள் என்ன சொல்கின்றன? அமெரிக்கச் சமூகப் பணியாளர் சங்கத்தின் தொகுப்பு ரெஃபரலுக்குச் சொல்லும் காரணங்கள், வேறொருவரின் சிறப்பறிவு தேவைப்படுவதும், நம்மால் பலன் கிடைக்கவில்லை என்று நமக்கே தோன்றுவதும்தான். நம்பிக்கை ஒவ்வவில்லை என்பது அதில் காரணமாக இல்லை. அமெரிக்க ஆலோசகர் சங்கம் இன்னும் வெளிப்படையாக, தன் மதிப்பீடுகளை மட்டும் காரணமாக வைத்து அனுப்பக் கூடாது என்று 2014இல் எழுதியே வைத்தது. அதற்கு முன்னால் ஒரு வழக்கு நடந்திருந்தது. ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆலோசனைப் படிப்பு மாணவி ஒருவர் ஓரின ஈர்ப்புள்ள கிளையண்டை வேறொருவரிடம் மாற்றித் தரக் கேட்டார். 2009இல் படிப்பிலிருந்து நீக்கப்பட்டார். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய வழக்கை விசாரிக்கத்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு சமரசத்தில் முடிந்தது. சட்டம் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை, தொழில் நெறி ஓரளவு பேசிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்காக ரெஃபரலே கூடாது என்று சொல்ல வரவில்லை. உங்கள் சொந்தக் காயத்தைத் தொடுகிற கேஸ், உறவினரோ தெரிந்தவரோ சம்பந்தப்பட்ட கேஸ், உங்களுக்குப் பயிற்சியே இல்லாத துறை: இவற்றில் அனுப்பாமல் வைத்துக்கொள்வதுதான் தப்பு. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். அனுப்பும் காரணத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அந்த வாக்கியம் "என்னால்" என்று தொடங்குகிறதா, "அவர்" என்று தொடங்குகிறதா? "என்னால் இந்தப் போதை வகையைப் பற்றிச் சரியாகச் சொல்ல முடியாது" என்பது ரெஃபரல். "அவர் அப்படிப்பட்டவர்" என்பது விரட்டல். "அவர் அப்படிப்பட்டவர் என்பதால் என்னால் முடியாது" என்று சாமர்த்தியமாக எழுதுகிறவர்களும் உண்டு, அதுவும் விரட்டல்தான்.

அனுப்புவது என்று ஆனால் கையோடு கைகொடுத்து அனுப்புங்கள். புதியவரிடம் முதலில் பேசி, இடம் உறுதியானதும் கிளையண்டிடம் சொல்லி, அவர் அனுமதியோடு குறிப்புகளைக் கொடுத்து, முதல் சந்திப்பு நடந்ததா என்று விசாரித்துவிட்டுத்தான் ஃபைலை மூட வேண்டும்.

## வழி 5: மறுப்பது, தேவைப்பட்டால் விலகுவது

இது கிளையண்டின் விருப்பத்தை மறுப்பதற்கான வழி இல்லை. செய்யச் சொல்லப்படுவதே நெறி கெட்டதாக இருக்கும்போது எடுக்கிற வழி. பார்க்காத வீட்டைப் பார்த்ததாக எழுதச் சொல்வது, கிளையண்டின் அனுமதி இல்லாமல் விவரத்தை வெளியே கொடுக்கச் சொல்வது, ஒரு பிரிவாருக்குச் சேவையைத் தாமதப்படுத்தச் சொல்வது. இங்கே உங்கள் மனசாட்சியும் தொழில் நெறியும் ஒரே பக்கம், எதிர்ப்பக்கம் நிறுவனம். நாஜி ஜெர்மனியில் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கட்டாயக் கருத்தடைக்கு ஆட்களை அடையாளம் காட்டியவர்களில் நலப்பணியாளர்களும் இருந்தார்கள். சட்டப்படிதான் செய்தார்கள்.

விலை தெரிந்ததே: வேலை, வருமானம், பெயர். தெரியாத விலை, நீங்கள் போனபின் உங்கள் கிளையண்டுகள் யார் கைக்குப் போகிறார்கள் என்பது. எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்து, பதில் வாங்கி, கேஸ்களை ஒழுங்காக ஒப்படைத்து விலகுவது ஒன்று. கதவை அறைந்துவிட்டுப் போவது வேறு.

## ஒரே பார்வையில்

| வழி | கிளையண்டுக்கு | மறைந்த விலை | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| ஒதுக்கி வைத்து வேலை செய்வது | சேவை தடைபடாது | குறிப்பிலும் வேகத்திலும் கசிவு | அன்றாட வேறுபாடுகள், வேறு ஆள் இல்லாத இடம் |
| சூப்பர்வைசரிடம் போவது | நேரடியாகத் தெரியாது, பலன் உண்டு | மதிப்பெண் பயம், அவருடைய சாய்வு | எல்லாவற்றோடும் துணையாக |
| கிளையண்டிடம் சொல்வது | பாரம் அவர் தலைக்கு மாறலாம் | அவர் மறைக்கத் தொடங்குவது | நிலைப்பாடு ஏற்கெனவே தெரிந்திருந்தால், விடாமல் கேட்டால் |
| வேறொருவரிடம் அனுப்புவது | காத்திருப்பு, ஒதுக்கப்பட்ட உணர்வு | நாம் கற்காமல் போவது, சகாக்களுக்குப் பாரம் | திறன் இல்லாமை, சொந்தக் காயம், உறவு |
| மறுப்பது, விலகுவது | ஒப்படைப்பைப் பொறுத்தது | வேலை, கேஸ்கள் அநாதையாவது | நிறுவனமே நெறி மீறச் சொன்னால் |

## தொடக்கத்தில் கேட்ட மூன்று பேருக்கு

கணவனிடம் திரும்பும் பெண்ணின் விஷயத்தில் முதல் வழியும் இரண்டாவது வழியும் சேர்த்து. பென்சிலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்டனை முடித்தவருக்கு வீடு தேடுவதிலும் அதேதான். அவருக்கு நிலையான இருப்பிடமும் கண்காணிப்பும் இருப்பது மற்றவர் பாதுகாப்புக்கும் உதவும் என்பதை நினைத்துக்கொண்டால் கை கொஞ்சம் ஓடும். கேட்டவருக்குச் சிறுவயதில் அப்படி ஏதாவது நடந்திருந்தால் கதை வேறு. அப்போது நான்காவது வழி, காரணத்தை யாரும் துருவாமல்.

கருக்கலைப்புத் தகவல் கேட்டு வருகிறவரின் சிக்கலில் நேரம் முக்கியம். சட்டம் அனுமதிக்கும் காலம் ஒவ்வொரு நாளும் குறைகிறது. நீங்கள் யோசிக்கும் ஒரு வாரம் அவருடைய ஒரு வாரம். அதனால் முடிவை அவர் வந்து உட்கார்ந்த பிறகு எடுக்கக் கூடாது. என்னால் முழுத் தகவலையும் ஒரே குரலில் சொல்ல முடியுமா என்று இன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால், இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் முதல் சந்திப்பிலிருந்தே வேறொருவரிடம் போகும்படி அலுவலகத்தில் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். யாரும் உங்களிடம் வந்து திரும்பிப் போக வேண்டியிருக்காது. அதே இடத்தில் நீங்கள் ஒரே ஆளாக இருந்தால் இந்த வசதி கிடையாது. அப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாலாவதாக ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. மனமும் விதியும் ஒன்றாகத் தலையாட்டும்போது என்ன செய்வது? கனடாவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 1980கள் வரை பூர்வகுடிக் குழந்தைகளை ஆயிரக்கணக்கில் குடும்பங்களிலிருந்து எடுத்து வேறு வீடுகளில் சேர்த்தார்கள். அதைச் செய்த சமூகப் பணியாளர்களுக்கு விதி அனுமதி கொடுத்தது. நல்ல வீடு என்றால் எப்படி இருக்கும் என்று அவர்கள் மனதில் ஒரு படமும் இருந்தது. இரண்டும் பொருந்தியதால் எந்த மணியும் அடிக்கவில்லை. இளகிய மனசு உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துக்கொள்ள வேண்டும்: சொந்தப் பணத்தைக் கொடுப்பது, இரவு பதினோரு மணிக்கும் கிளையண்டின் அழைப்பை எடுப்பது, அவருக்காக அவர் சார்பில் முடிவெடுப்பது. இதெல்லாமும் சொந்த மதிப்பீடு வேலைக்குள் புகுவதுதான், பெயர் மட்டும் கருணை.

இனிமேல்தான் வேலை தேடப் போகிறீர்கள் என்றால் நேர்முகத் தேர்வில் நீங்களும் சில கேள்விகள் கேட்கலாம். இங்கே என்னென்ன சேவைகள் உண்டு, எவை கிடையாது? கேஸ் பற்றிப் பேசச் சூப்பர்வைசர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவார், மதிப்பீடு செய்பவரும் அவர்தானா? ஒரு பணியாளர் ஒரு கேஸை எடுக்கத் தயங்கினால் இதற்கு முன் என்ன செய்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு "எங்களிடம் அப்படி யாரும் தயங்கியதில்லை" என்று பதில் வந்தால், அங்கே வேலை செய்யும் இரண்டு பேரிடம் தனியாகப் பேசிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.